பெரிய டிரம்முக்கு இடமில்லாத தடம்

1923 ஏப்ரலில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில், ஜெனெட் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் கூடியது. 21 வயது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வாசிப்பு முதன்முதலாக ரெக்கார்டில் ஏறியது அங்கேதான். ஜாஸ் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பதிவுகள் பொக்கிஷம். ஆனால் கூர்ந்து கேட்டால் ஒன்று உறுத்தும். டிரம் எங்கே? குழுவில் டிரம் வாசித்தவர் பேபி டாட்ஸ். நியூ ஆர்லியன்ஸ் தந்த மிகச் சிறந்த டிரம் கலைஞர்களில் ஒருவர். காதில் விழுவதோ மரக்கட்டையைத் தட்டும் 'டொக் டொக்' ஓசை மட்டும். அதே குழுவின் பில் ஜான்சன், டபுள் பேஸ் வாசிப்பில் பெயர் பெற்றவர். ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை விட்டுவிட்டு, அந்தப் பதிவில் அவர் பேஞ்சோவை மீட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரிய டிரம்மும் டபுள் பேஸும் கூடத்துக்கு வெளியே நின்றதற்குக் காரணம் இசை ரசனை அல்ல, பணமும் அல்ல. தட்டில் வெட்டப்படும் தடத்தின் அகலம்தான் முக்கியக் காரணம். ஜாஸ் ரெக்கார்டின் வரலாற்றை, தாழ்ந்த சுரங்கள் அந்தத் தடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்த வரலாறாகவே படிக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் தடம் என்றால் என்ன? நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் கறுப்புப் பரப்பு முழுவதும் ஒரே நீண்ட கோடு என்பது தெரியும். விளிம்பில் தொடங்கி, சுருண்டு சுருண்டு நடுவை நோக்கிப் போகிறது. 22 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் அது 700 தடவைக்கு மேல் சுற்றுகிறது. பிரித்து நீட்டினால் அரைக் கிலோமீட்டரை நெருங்கும். தலைமுடியின் பருமனுக்குப் பக்கமாக அகலம். அந்தக் கோடு நேராகப் போவதில்லை, இடமும் வலமுமாக நெளிகிறது. அந்த நெளிவுதான் இசை.

அன்று ரிச்மண்டில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. கலைஞர்கள் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நின்று வாசித்தார்கள். புனலின் குறுகிய முனையில் மெல்லிய சவ்வு ஒன்று, சவ்வோடு சேர்ந்து ஒரு வெட்டுமுள். காற்றின் அதிர்வு சவ்வை அசைக்க, சவ்வு முள்ளை அசைக்க, சுழலும் மெழுகுத் தட்டில் முள் தடம் போட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைப் பல அடி தள்ளிப் பின்னால் நிறுத்தினார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று கலவை மேசையில் ஒரு குமிழைத் தள்ளிச் செய்வதை அன்று ஆளைத் தள்ளி நிறுத்திச் செய்தார்கள். கூடத்தை ஒட்டியே ரயில் பாதை. ரயில் கடக்கும்போது பதிவை நிறுத்திக் காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

இங்கே பலருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு. கார்னெட், கிளாரினெட், டிராம்போன், பியானோ, பேஞ்சோ என்று இத்தனை வாத்தியங்கள். முள்ளோ ஒன்று, கோடும் ஒன்று. அத்தனையும் ஒரு கோட்டுக்குள் எப்படி அடங்கும்? தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். வடத்தைப் பிடித்து நூறு பேர் இழுக்கிறார்கள். ஒருவர் வேகமாக, ஒருவர் சோர்ந்து, ஒருவர் விட்டுவிட்டு. ஆனால் தேர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நகர்வதில்லை. எல்லா இழுப்பும் கூடிக் கழிந்து மிஞ்சுவது எதுவோ அந்த ஓர் அசைவுதான் தேருக்கு. சவ்வும் அப்படித்தான். ஒரு நொடியில் எல்லா வாத்தியங்களும் காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும் சேர்ந்து என்ன வருகிறதோ, அந்த ஒரே அசைவை அது செய்கிறது.

அப்படியானால் தனித்தனி வாத்தியங்கள் தொலைந்துபோகவில்லையா? இல்லை. நேரில் உட்கார்ந்து கேட்டாலும் நம் செவிப்பறைக்குக் கிடைப்பது அந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு சவ்வுதானே. கூட்டப்பட்டதைப் பிரிக்கும் வேலை உட்செவியிலும் மூளையிலும் நடக்கிறது. உட்செவியில் நத்தை ஓடுபோலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் தாழ்ந்த சுரத்துக்கு ஓரிடம், உயர்ந்த சுரத்துக்கு ஓரிடம் என்று வெவ்வேறு இடங்கள் துடிக்கின்றன. எனவே செவிப்பறை எப்படி அசைந்திருக்குமோ அப்படியே ஒரு முள்ளை அசைத்துவிட்டால் போதும், மீதியை நம் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கோடு உண்மையிலேயே ஒலியின் படம்தான் என்பதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கவைத்த எடிசனுக்கும் முன்னால், பாரிசில் எதுவார்-லியோன் ஸ்காட் த மார்த்தன்வீல் என்பவர், புகைக்கரி பூசிய தாளில் ஒரு முள் ஒலியின் நெளிவைக் கீறும்படி கருவி செய்து 1857இல் காப்புரிமை பெற்றார். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. கண்ணால் பார்க்கத்தான் வரைந்தார். 2008இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் உதவியோடு, 1860 ஏப்ரலில் கீறிய ஒரு தாளைப் படமெடுத்து, அந்தக் கோட்டைக் கணினியில் ஒலியாக மாற்றினார்கள். ஒரு பாட்டு கேட்டது. முதலில் அது ஒரு பெண்ணின் குரல் என்றே எண்ணினார்கள். மறு வருடம் வேகக் கணக்கைத் திருத்தி, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டோம் என்று கண்டுபிடித்தார்கள். அது நிதானமாகப் பாடும் ஓர் ஆணின் குரல், அநேகமாக ஸ்காட்டினுடையதே. முள்ளே படாமல், வெறும் கோட்டின் வடிவத்திலிருந்தே குரல் வந்துவிட்டது. கோட்டை எந்த வேகத்தில் படிக்கிறோமோ அதைப் பொறுத்துச் சுருதி மாறும் என்பதும் அதில் தெரிந்தது. இந்த வேக விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

இப்போது பெரிய டிரம். ஒலியின் உயர்வு தாழ்வை அதிர்வெண்ணால் அளக்கிறோம்: ஒரு நொடியில் எத்தனை தடவை ஆட்டம் என்ற எண்ணிக்கை, அலகு ஹெர்ட்ஸ். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்சில் அதிர்கிறது. டிரம்பெட் வெகு சாதாரணமாகத் தொடும் ஒரு சுரம் 659 ஹெர்ட்ஸ், அதாவது 16 மடங்கு. முள் ஒரே விரைவில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரம்பெட் சுரத்துக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கிடைப்பது மிகச் சிறிய நேரம். கொஞ்ச தூரம் போவதற்குள் திரும்பிவிட வேண்டும். பேஸ் சுரத்துக்கு 16 மடங்கு நேரம் இருப்பதால் முள் 16 மடங்கு தூரம் போகிறது. இந்தத் தூரத்தை வீச்சு என்கிறோம். ஆக, தாழ்ந்த சுரம் தட்டில் அகலமாக இடம் கேட்கும். ஓங்கி அடித்த ஒரு டிரம் வெட்டுமுள்ளைப் பக்கத்துத் தடத்துக்கே தள்ளிவிடலாம். அப்படித் தள்ளாவிட்டாலும், வீட்டில் போட்டுக் கேட்கும்போது அந்த வளைவில் முள் துள்ளி விழும். பேபி டாட்ஸுக்கு மரக்கட்டை கொடுத்தது இதனால்தான். புனலுக்கும் அடிச்சுரங்களைப் பிடிக்கும் திறன் குறைவு. முறையாக வாசித்தால் பேஸ் பதியாது, ஓங்கி அடித்தால் தடம் கெடும் என்ற நிலை.

1925இல் ஒலிப்பதிவுக்கு மைக்ரோஃபோனும் மின்பெருக்கியும் வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. ஒலி ஒருமுறை மின்சாரமாக மாறிவிட்டால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்தச் சுரத்தை எவ்வளவு என்றும் தீர்மானிக்கலாம். 1940இல் டியூக் எலிங்டன் குழு பதிவு செய்த 'ஜாக் த பேர்' தட்டில் ஜிம்மி பிளாண்டனின் பேஸ் முன்னுக்கு வந்து பேசுகிறது. ரிச்மண்டுக்குப் பின் 17 ஆண்டுகளில் நடந்த மாற்றம் அது.

இதில் உள்ள நுட்பம் அழகானது. வெட்டும்போது தாழ்சுரங்களைக் குறைத்து வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரில் அதே அளவுக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். உயர்சுரங்களுக்கு நேர்மாறு: வெட்டும்போது உயர்த்தி, கேட்கும்போது குறைக்கிறார்கள். தட்டின் சொரசொரப்பிலிருந்து எழும் 'ஸ்ஸ்' இரைச்சல் பெரும்பாலும் உயர்சுரப் பகுதியில்தான் இருக்கிறது. கேட்கும்போது அந்தப் பகுதியைத் தணிக்கையில் இரைச்சலும் சேர்ந்து தணிகிறது. சிம்பலின் ஓசையோ முன்கூட்டியே உயர்த்தப்பட்டதால் தன் பழைய அளவுக்கு வந்து நிற்கிறது. இதைச் சமன்திருத்தம் என்று சொல்லலாம். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அளவு வைத்திருந்தது. 1954இல் அமெரிக்க ஒலித்தட்டுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ ஒரே அளவை வகுத்தது. இன்றுவரை அதுவே நடைமுறை. அதன்படி, 1,000 ஹெர்ட்சோடு ஒப்பிட, 40 ஹெர்ட்ஸ் சுரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்த்தப்படுகிறது.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் கையாலேயே சோதிக்கலாம். ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' என்று எழுதிய துளையில் செருக வேண்டிய வயரைச் சாதாரண 'ஆக்ஸ்' துளையில் செருகி, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். சிம்பலின் சிலுசிலுப்பும் பியானோவின் விளிம்பும் கேட்கும். பேஸ் வாசிப்பவர் இருக்கும் இடமே தெரியாது. தடத்தில் உண்மையில் எழுதியிருப்பது அதுதான். பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஓடும் தட்டின் முள்ளருகே காதை வையுங்கள். மெல்லிய, சன்னமான ஜாஸ் ஒன்று முள்ளிலிருந்தே வரும். மின்சாரத்தின் உதவி இல்லாமல் முள்ளின் ஆட்டம் நேரடியாகக் காற்றை அசைக்கும் ஓசை அது.

அகலத்துக்கு ஒரு வழி பிறந்தாலும் நேரத்துக்குப் பிறக்கவில்லை. நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். எலிங்டன் 1935இல் எழுதிய 'ரெமினிசிங் இன் டெம்போ' நான்கு பக்கங்களில் துண்டுபட்டு வந்தது. அந்தத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. உலகின் அரக்கில் பெரும்பங்கு இந்தியாவின் பிகார், வங்காளப் பகுதிக் காடுகளில் மரக்கிளைகளை மொய்க்கும் அரக்குப் பூச்சியிலிருந்துதான் போனது. அரக்கோடு கல்தூளையும் கலந்து அழுத்தியதால் தட்டின் பரப்பு சொரசொரப்பாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்து குறைந்தபோது, அமெரிக்க ராணுவம் வீரர்களுக்காக வெளியிட்ட 'வி-டிஸ்க்' தட்டுகளுக்கு வினைல் பயன்பட்டது. வினைல் வழவழப்பானது, நுண்ணிய தடத்தையும் சிதையாமல் ஏந்தக்கூடியது. 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, நுண்தடம், வினைல் மூன்றையும் சேர்த்து எல்பியை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கம் இருபது நிமிடம் தாண்டியது. ஜாஸ் கலைஞர் நிதானமாக மூச்சு விட்டுச் சிந்திக்க இடம் கிடைத்தது அப்போதுதான் என்பேன். 1950 டிசம்பரில் எலிங்டன் தன் பழைய பாட்டுகளை முழு நீளத்தில், மேடையில் வாசிப்பதுபோலப் பதிவு செய்தார்.

ஆனால் எல்பியிலும் அடிச்சுரம் அகலம் கேட்பது நிற்கவில்லை. தடங்களைச் சம இடைவெளியில் வெட்டினால், மிகப் பெரிய வீச்சுக்குத் தேவையான இடைவெளியை எல்லா இடத்துக்கும் கொடுக்க வேண்டும், நேரம் வீணாகும். அதனால் 1950களில் இடைவெளியை இசைக்கேற்ப மாற்றினார்கள். முதலில் காந்த நாடாவில் பதிந்துவைத்த ஒலியை, நாடாவைப் படிக்கும் கூடுதல் தலை ஒன்று சற்று முன்னதாகவே படித்துச் சொல்லும். பலத்த ஓசை வருகிறதென்றால் வெட்டும் இயந்திரம் முன்கூட்டியே விலகி இடம் விடும். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். டிரம் தனி ஆவர்த்தனம் நடக்கும் இடம் ஒரு நிறம், தனியாகப் பேஸ் ஒலிக்கும் இடம் ஒரு நிறம் என்று வளையம் வளையமாகத் தெரியும். பழைய தட்டு வாங்கும்போது அனுபவஸ்தர்கள் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது கீறலுக்காக மட்டும் அல்ல. பலத்த பகுதிகள் வெளிறிச் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த முள் அங்கே சுவரைச் செதுக்கியிருக்கிறது என்று பொருள். அந்தச் சேதத்தை எந்தக் கழுவலும் போக்காது.

வெட்டுபவரின் கைக்கு இதனால் பெரிய மதிப்பு வந்தது. நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக் ஊரில் பகலில் கண் பரிசோதகராக இருந்த ரூடி வான் கெல்டர், பெற்றோர் வீட்டு முன்கூடத்தையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார். சன்னி ராலின்ஸின் 'சாக்ஸஃபோன் கொலாசஸ்', ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெய்ன்' எல்லாம் அந்தக் கூடத்தில் பிறந்தவை. பதிவு செய்தவரே தட்டையும் வெட்டினார் என்பது முக்கியம். கடைசித் தடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பொறித்துவிடுவார். அந்த எழுத்துகளுக்காகப் பெரும் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். எவ்வளவு பேஸ், எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற மூன்றுக்கும் இடையே ஒரு மனிதர் எடுத்த முடிவு அந்தத் தடத்தில் இருக்கிறது. அதே நாடாவிலிருந்து வேறொருவர் வெட்டினால் வேறு முடிவு கிடைக்கும்.

அடிச்சுரத்துக்கு அகலம் வேண்டும் என்றால் உயர்சுரத்துக்கு நீளம் வேண்டும். தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை, ஆனால் முள்ளுக்குக் கீழே ஓடும் தடத்தின் வேகம் மாறுகிறது. விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர். நடுவுக்கு வரும்போது 20 சென்டிமீட்டரை ஒட்டி வந்துவிடும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு நெளிவு விளிம்பில் 0.05 மில்லிமீட்டர் நீளம் பெறுகிறது, நடுவில் 0.02தான். முள்ளின் முனையே அந்த அளவுக்குப் பருமன் என்றால் நெளிவுக்குள் அது சரியாகப் புக முடியாது. பக்கத்தின் கடைசியில் சிம்பல் பிசிறடிப்பது இதனால்தான். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டில் இரண்டு பக்கமும் மெதுவான, சன்னமான பாட்டில் முடிகின்றன. முள்ளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இன்று பல ஜாஸ் ஆல்பங்களை 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகளாக மறுவெளியீடு செய்கிறார்கள். அதே நொடிக்கு மூன்றில் ஒரு பங்கு அதிக நீளம் கிடைக்கிறது என்பதே அதன் பயன். அடிக்கடி எழுந்து பக்கத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒரே தடத்துக்குள் இடது, வலது என்று இரண்டு ஒலிகளை வைத்தது இன்னொரு சாதனை. இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1931இலேயே இதற்கான காப்புரிமையை விண்ணப்பித்துவிட்டார். சந்தைக்கு வர 1958 ஆனது. தடம் ஆங்கில 'வி' எழுத்து வடிவப் பள்ளம். ஒரு சுவர் இடது ஒலியை, எதிர்ச்சுவர் வலது ஒலியை ஏந்துகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் ஒன்றின் அசைவு மற்றதைத் தொடாது. இரண்டிலும் ஒரே ஒலி இருந்தால் முள் பக்கவாட்டில் ஆடும். வேறுபாடு இருந்தால் மேலும் கீழும் ஆடும். பேஸ் ஒரு பக்கத்தில் மட்டும் பலமாக இருந்தால்? முள் பள்ளத்தைவிட்டு மேலே எம்பிவிடும். அதனால் மிகத் தாழ்ந்த சுரங்களை இரு சுவர்களுக்கும் பொதுவாகப் பங்கிட்டுவிடுவது வெட்டுபவர்களின் வழக்கம். அதில் பெரிய நஷ்டமில்லை. மிகத் தாழ்ந்த ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறையில் கேட்கும் காதுக்கும் எளிதில் பிடிபடாது.

1959 மார்ச் 2 அன்று, நியூயார்க்கில் தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமான கொலம்பியாவின் 30ஆம் தெருக் கட்டடத்தில், 'கைண்ட் ஆஃப் புளூ'வின் முதல் பக்கம் பதிவானது. முதல் பாட்டு 'சோ வாட்'. அதன் கருப்பொருளை வாசிப்பது டிரம்பெட் அல்ல, சாக்ஸஃபோனும் அல்ல, பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ். பேஸ் கேள்வி கேட்க, மற்ற வாத்தியங்கள் இரண்டே அடியில் பதில் சொல்கின்றன. பில் ஜான்சன் பேஞ்சோவோடு நின்ற நாளுக்கு 36 ஆண்டுகள் பின்னால், ஜாஸில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களில் ஒன்றைப் பேஸே திறந்துவைக்கிறது.

அன்று ஒன்று நடந்தது. முதன்மை நாடாப் பதிவுக் கருவி சற்றே மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு வெட்டியபோது இசை கொஞ்சம் வேகமாகவும் சுருதி ஏறியும் வந்தது. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று சொச்சம்; சாதாரணமாகக் கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தின் சுருதி ஒத்துவராமல் தவித்தார்கள். பியானோவைத் தட்டுக்குத் தக்கபடி மாற்ற முடியாதே. மாற்று ஏற்பாடாக இன்னொரு கருவியும் அன்று கூடவே ஓடியிருந்தது. அதன் நாடா சரியான வேகத்தில் இருந்ததைக் கண்டு 1992இல்தான் முதல் பக்கத்தின் சுருதியைத் திருத்தி வெளியிட்டார்கள். ஏப்ரல் 22 அன்று பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் குறை இல்லை.

ஆக, 1959ஆம் ஆண்டின் அசல் தட்டைத் தேடுபவருக்கு நாடா புத்தம் புதிதாக இருந்தபோது வெட்டிய தடம் கிடைக்கும். அதன் முதல் பக்கம் சுருதி ஏறியிருக்கும். திருத்திய பதிப்பில் சேம்பர்ஸ் அன்று விரலால் மீட்டிய அதே சுருதி கிடைக்கும், நாடாவுக்கோ வயதாகிவிட்டது. டிரம்பெட்டோ பியானோவோ கற்றுக்கொண்டு தட்டோடு சேர்ந்து வாசிக்க நினைப்பவர்கள் 1992க்குப் பின் திருத்தி வந்ததையே வாங்குங்கள். உறையில் வேகம் திருத்தியது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்க மட்டும் என்றால் பழையது, புதியது எதுவானாலும் சரி. கீறல் குறைவாகவும், பலத்த பகுதிகளில் சாம்பல் பூக்காமலும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.